மனநிறைவை அளக்க முடியுமா?
(ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகளைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரை)

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

துணியை முழக்கோலால் அளக்கிறோம். பாலைப் படியால் அளக்கிறோம். காய்ச்சலை வெப்பமானியால் அளக்கிறோம். ஆனால் ஒரு மனிதரின் உள்ளத்தில் உள்ள நிறைவை எதனால் அளப்பது? அதற்கு ஏதேனும் அளவுகோல் உண்டா? உண்டு என்றால் அது எல்லா நாட்டவருக்கும் பொருந்துமா?

இக்கேள்விகள் வெறும் பொழுதுபோக்குக் கேள்விகள் அல்ல. ஒரு நாட்டிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் விடுமுறையைக் கழிக்க வேறு நாட்டுக்குச் செல்லும்போது, அவர்களை வரவேற்கும் விடுதி, உணவகம், பேருந்து, கடை ஆகிய அனைத்திலும் பணிபுரியும் ஏழை எளியவரின் பிழைப்பு அந்த விருந்தினரின் மனநிறைவையே நம்பி இருக்கிறது. விருந்தினர் மனம் வாடித் திரும்பினால் அடுத்த ஆண்டு வரமாட்டார். ஆனால் வாடியதை அவர் வாய் திறந்து சொல்லாவிட்டால் எப்படி அறிவது? இந்தச் சிக்கலை மிக நன்றாக எடுத்துக்காட்டுபவர்கள் ஜப்பானிய மக்கள். எனவே அவர்களையே நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம்.

கடல் கடந்த வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல ஆண்டுகள் ஜப்பானியர் தம் விருப்பம் போல் வெளிநாடு செல்ல இயலவில்லை. நாட்டில் அந்நியச் செலாவணி குறைவாக இருந்ததே காரணம். அலுவல், படிப்பு போன்ற காரணம் காட்டியவர்களுக்கே அனுமதி கிடைத்தது. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்தத் தடை நீங்கியது. அவ்வாண்டுதான் தோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகளும் நடைபெற்றன. ஆனாலும் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறைதான் செல்லலாம். 500 டாலருக்கு மேல் எடுத்துச் செல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. அவ்வாண்டு வெளிநாடு சென்ற ஜப்பானியர் சுமார் 1 இலட்சத்து 28 ஆயிரம் பேர் மட்டுமே.

1965இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் நிறுவனம் 'ஜால்பாக்' என்ற பெயரில் விமானச் சீட்டு, விடுதி, உணவு, வழிகாட்டி எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் அடக்கிய கூட்டுப் பயணங்களைத் தொடங்கியது. 1970இல் ஜம்போ ஜெட் விமானம் பசிபிக் கடலைத் தாண்டிப் பறக்கத் தொடங்கியது. ஒரு டாலருக்கு 360 யென் என்று நிலையாக இருந்த மதிப்பு 1971இல் மாறியது. யென்னின் மதிப்பு உயர உயரப் பயணச் செலவு குறைந்தது. 1972இல் பயணிகளின் தொகை 10 இலட்சத்தைத் தாண்டியது.

1987இல் ஜப்பானிய அரசே ஒரு வியப்பான திட்டத்தை வகுத்தது. 1986இல் சுமார் 55 இலட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கையை 5 ஆண்டுகளில் 1 கோடியாக உயர்த்துவதே அத்திட்டம். பிற நாடுகள் எல்லாம் தம் நாட்டிற்குப் பயணிகள் வரவேண்டும் என்று திட்டமிடும். இங்கோ ஓர் அரசு தன் மக்களை வெளியே போய்ப் பணம் செலவழித்து வாருங்கள் என்றது! ஏற்றுமதியால் அளவுக்கு மீறிக் குவிந்த அந்நியச் செலாவணியைச் சமன்செய்வதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. குறித்த காலத்திற்கு முன்பே, 1990இல், அந்த இலக்கு எட்டப்பட்டது. 2000இல் 1 கோடியே 78 இலட்சம் பேரும், 2019இல் 2 கோடிக்குச் சற்று மேற்பட்டோரும் வெளிநாடு சென்றனர். கொரோனாத் தொற்றின் காரணமாக 2021இல் இத்தொகை சுமார் 5 இலட்சமாக வீழ்ந்தது. 2024இல் மீண்டும் 1 கோடியே 30 இலட்சமாக உயர்ந்தது.

இவர்களுள் இளம் பெண்கள் பெருந்தொகையினர் என்பது நமக்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. தொடக்கத்தில் அலுவல் காரணமாகச் சென்ற ஆண்களே மிகுதி. 1980களிலும் 1990களிலும் அலுவலகங்களில் வேலை பார்த்த இருபது வயதுப் பெண்கள் தம் சம்பளத்தைச் சேமித்து, தோழியருடன் ஹவாய்க்கும் ஐரோப்பாவுக்கும் சென்று வந்தனர்.

மனநிறைவு என்பது யாது?

அளப்பதற்கு முன் அளக்கப்படும் பொருள் எது என்று தெளிய வேண்டும். 1980இல் ரிச்சர்ட் ஆலிவர் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு எளிய விளக்கம் ஒன்றைத் தந்தார். ஒருவர் ஒன்றைப் பெறுவதற்கு முன் மனத்தில் ஓர் எதிர்பார்ப்பை வைத்திருக்கிறார். பெற்ற பின் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். எதிர்பார்த்ததை விட மேலாக இருந்தால் நிறைவு. கீழாக இருந்தால் குறை. ஆகவே நிறைவு என்பது பொருளில் மட்டும் இல்லை. பொருளுக்கும் எதிர்பார்ப்புக்கும் இடையே உள்ள தொலைவில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். இருவர் ஒரே நாளில் ஒரே கடற்கரைக்குச் செல்கின்றனர். மழை பெய்கிறது. ஒருவர் விளம்பரத் தாளில் நீல வானத்தைப் பார்த்து மயங்கி வந்தவர். மற்றவர் அது மழைக்காலம் என்று அறிந்தே வந்தவர். மழை ஒன்றுதான், மனநிலை இரண்டு. எனவே பயணத்திற்குப் பின் மட்டும் கேட்டால் போதாது. பயணத்திற்கு முன் என்ன எண்ணினார் என்பதையும் அறிய வேண்டும்.

இந்த முறையில் சேவையின் தரத்தை அளக்கும் கருவி ஒன்றை 1988இல் பரசுராமன், சைதாமல், பெர்ரி என்ற மூவர் வெளியிட்டனர். இவர்களுள் பரசுராமன் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்றவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். அக்கருவியில் 22 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் இருமுறை கேட்பார்கள். 'எப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?' என்பது முதல் கேள்வி; 'இங்கே எப்படி இருந்தது?' என்பது இரண்டாவது. இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் வருவதே தரத்தின் அளவு. கண்ணுக்குத் தெரியும் வசதி, சொன்னபடி செய்தல், விரைந்து உதவுதல், நம்பிக்கை ஊட்டுதல், பரிவு காட்டுதல் என்ற 5 பிரிவுகளில் அக்கூற்றுகள் அடங்கும்.

எதை எதைக் கேட்பது?

'பயணம் எப்படி இருந்தது?' என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் 'நன்றாக இருந்தது' என்று ஒரே விடைதான் வரும். அதை வைத்துக்கொண்டு விடுதிக்காரர் எதையும் திருத்த இயலாது. ஆகவே பயணத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். 1978இல் பிசாம் முதலிய அறிஞர்கள் அமெரிக்காவில் உள்ள கேப் காட் என்னும் கடற்கரைப் பகுதிக்கு வந்த பயணிகளை ஆராய்ந்து, அவர்கள் மனநிறைவை 8 கூறுகளாகப் பிரித்தனர். கடற்கரை, செலவு, விருந்தோம்பல், உணவு வசதி, தங்கும் வசதி, சுற்றுப்புறம் முதலியன அவற்றுள் அடங்கும். ஒன்றில் ஏற்படும் குறை மற்றவற்றையும் கறைப்படுத்திவிடும் என்பதால் தனித்தனியே அளப்பது நல்லது.

ஆனால் ஜப்பானியரிடம் இதே பட்டியலை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் போதுமா? போதாது. அவர்கள் பயணத்திற்கென்று சில தனி வழக்கங்கள் உண்டு.

முதலாவது, காலம். ஜப்பானியத் தொழிலாளர் நீண்ட விடுப்பு எடுப்பது அரிது. ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் வரும் 'பொன் வாரம்', ஆகஸ்டு நடுவில் முன்னோரை நினைக்கும் 'ஓபோன்', புத்தாண்டு ஆகிய நாள்களிலேயே பெரும்பாலோர் புறப்படுவர். ஹவாய்ப் பயணம் என்றால் 4 இரவு, 6 நாள் என்பது வழக்கமான அளவு. நமக்கு அரை நாள் வீணானால் அவ்வளவாகத் தெரியாது. அவர்களுக்கு அது பெரும் இழப்பு.

புவியியலில் நாம் படிக்கும் பன்னாட்டுத் தேதிக்கோடு இங்கே வேலை செய்கிறது. ஹவாய் நேரம் ஜப்பான் நேரத்துக்கு 19 மணி பின்தங்கியது. தோக்கியோவில் இரவு 9 மணிக்குப் புறப்படும் விமானம் சுமார் 7 மணி நேரம் பறந்து, அதே தேதியில் காலை 9 மணி அளவில் ஹொனலூலு சேரும்! விடுதி அறையோ பிற்பகலில்தான் கிடைக்கும். இரவெல்லாம் சரியாக உறங்காத பயணி, வெயிலில் கண் எரிய, பெட்டியைப் பொறுப்பாளரிடம் விட்டுவிட்டு ஊர் சுற்றக் காத்திருக்க வேண்டும். முதல் நாளின் இந்தச் சோர்வை 'அறை எப்படி இருந்தது?' என்ற கேள்வி வெளிக்கொணராது. 'அறை எத்தனை மணிக்குக் கிடைத்தது?' என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, அன்பளிப்பு. புறப்படுகிறவருக்கு உற்றாரும் உடன் பணிபுரிவோரும் வழிச்செலவுப் பணம் தருவது அங்குள்ள பழைய வழக்கம். அதற்குச் 'சென்பெத்சு' என்று பெயர். திரும்பி வருகிறவர் அனைவருக்கும் 'ஒமியாகே' என்னும் ஊர்ப் பண்டம் வாங்கி வரவேண்டும். ஆகவே ஜப்பானியப் பயணி கடைக்குச் செல்வது ஆசைக்காக மட்டும் அன்று, அது கடமை. அழகாகப் பொதிந்து, பலருக்குப் பகிர்ந்து கொடுக்கத்தக்க சிறு பண்டங்கள் கிடைக்காவிட்டால் அவர் வெறும் கையோடு அலுவலகத்திற்குள் எப்படி நுழைவார்? அவர் மனநிறைவில் வீட்டிலும் அலுவலகத்திலும் காத்திருப்போருக்கும் பங்கு இருக்கிறது.

இருந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டால் வருத்தம்

ஜப்பானிய அறிஞர் கானோ நொரியாகி 1984இல் தம் துணைவருடன் வெளியிட்ட கருத்து இங்கே மிகவும் பயன்படும். எல்லா வசதிகளும் ஒரே வகையில் மனத்தைத் தொடுவதில்லை என்று அவர் கூறினார். சில வசதிகள் இருந்தால் யாரும் மகிழ்வதில்லை. இல்லாவிட்டால் மட்டும் வருந்துவர். கழிவறைத் தூய்மையும், குளியல் தொட்டியில் வெந்நீரும், விமானம் குறித்த நேரத்தில் புறப்படுவதும் அத்தகையன. வேறு சில இல்லாவிட்டால் யாரும் குறைசொல்வதில்லை. இருந்தால் மனம் குளிரும். விடுதி ஊழியர் ஜப்பானிய மொழியில் ஒரு வணக்கம் சொல்வதும், அறையில் ஒரு பச்சைத் தேயிலைப் பொட்டலம் இருப்பதும் இவ்வகை. மூன்றாம் வகை, கூடக் கூட மகிழ்ச்சியும் கூடுவது. அறையின் பரப்பு அதற்கு எடுத்துக்காட்டு.

இதிலிருந்து பெறும் பாடம் யாது? வெந்நீர் வராத விடுதியில் பூங்கொத்து வைத்துப் பயனில்லை. மேலும் காலம் செல்லச் செல்ல மகிழ்ச்சி தரும் பொருளே கட்டாயப் பொருளாக மாறிவிடும். ஒரு காலத்தில் விடுதி அறையில் தொலைக்காட்சிப் பெட்டி வியப்பாக இருந்தது. இப்போது அது இல்லாவிட்டால் குறை. எனவே பத்து ஆண்டுகளுக்கு முன் தயாரித்த கேள்விப் பட்டியலை இன்றும் நீட்டக்கூடாது.

கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்பது உண்டு. 'இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?' என்பதே அது. 1977இல் மார்ட்டில்லா, ஜேம்ஸ் என்ற இருவர் காட்டிய முறைப்படி, முக்கியத்தை ஓர் அச்சிலும் நிறைவை மற்றோர் அச்சிலும் குறித்து வரைபடம் வரைந்தால் 4 கட்டங்கள் கிடைக்கும். மிக முக்கியம், ஆனால் நிறைவு குறைவு என்ற கட்டத்தில் விழுபவற்றை உடனே திருத்த வேண்டும். முக்கியம் இல்லாதவற்றில் நிறைவு மிகுதி என்றால் அங்கே பணம் வீணாகிறது என்று பொருள். வரைபடத் தாளில் நாம் போடும் நான்கு கால்பகுதிகளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

சராசரி சொல்லாத செய்தி

விடைகளைச் சேகரித்த பின் கணக்குப் போட வேண்டும். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்பவர் வகுத்த முறைப்படி, 'மிக நிறைவு' என்பதற்கு 5, 'நிறைவு' என்பதற்கு 4, 'நடுத்தரம்' என்பதற்கு 3, 'குறை' என்பதற்கு 2, 'பெருங்குறை' என்பதற்கு 1 என்று மதிப்பெண் இடுவது பரவலான வழக்கம்.

கற்பனையாக இரண்டு குழுக்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 10 பேர். முதல் குழுவில் 10 பேரும் 3 மதிப்பெண் தருகின்றனர். இரண்டாம் குழுவில் 5 பேர் 5 மதிப்பெண்ணும், 5 பேர் 1 மதிப்பெண்ணும் தருகின்றனர். இரண்டிலும் கூட்டுத்தொகை 30, சராசரி 3. இரு பயணங்களும் ஒன்றுபோல் இருந்தன என்று சொல்லிவிடலாமா? கூடாது. முதல் குழுவின் வீச்சு 0; திட்ட விலக்கமும் 0. இரண்டாம் குழுவின் வீச்சு 4. திட்ட விலக்கம் 2. முதல் குழுவில் யாரும் அழவில்லை, யாரும் துள்ளவும் இல்லை. இரண்டாம் குழுவில் பாதிப்பேர் வாழ்நாள் முழுவதும் மறக்க முடியாத இன்பத்தோடும், மீதிப்பேர் கண்ணீரோடும் வீடு திரும்பியிருக்கின்றனர். கணித வகுப்பில் நாம் 'ஏன் இந்தத் திட்ட விலக்கம்?' என்று சலித்துக்கொள்வது உண்டு. சராசரியின் பின்னால் மறைந்து நிற்கும் அந்த 5 பேரைக் கண்டுபிடிக்கவே அது பயன்படுகிறது.

நடுவிலே நிற்கும் விடை

இனிதான் ஜப்பானியரைப் பற்றிய முதன்மையான சிக்கல் வருகிறது. அவர்களிடம் 5 கட்டம் உள்ள தாளைக் கொடுத்தால் பலர் நடுக்கட்டத்தை நாடுவர், ஓரங்களைத் தவிர்ப்பர். 1995இல் சென், லீ, ஸ்டீவன்சன் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வு இதை நன்கு காட்டுகிறது. ஜப்பானின் செண்டாய் நகர், தைவானின் தைப்பே நகர், கனடா, அமெரிக்கா ஆகிய இடங்களில் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியரிடம், அதாவது நம்மைவிட ஒரு வகுப்பே மூத்தவர்களிடம், அவர்கள் கேள்வித்தாள் கொடுத்தனர். வட அமெரிக்க மாணவரைவிட ஜப்பானிய, தைவான் மாணவர் நடுக்கட்டத்தை அதிகம் தேர்ந்தனர். அமெரிக்க மாணவரோ ஓரக் கட்டங்களை மற்றவரைவிட மிகுதியாக நாடினர்.

ஆகவே ஒரு ஜப்பானியர் தரும் 4 என்பதும் ஓர் அமெரிக்கர் தரும் 4 என்பதும் ஒரே எடை உடையவை அல்ல. 'பரவாயில்லை' என்று நாம் சொல்லும்போது குரலைக் கேட்டால்தானே பொருள் விளங்கும்? தாளில் குரல் இல்லை. உள்ளத்தில் உள்ளதை 'ஹொன்னே' என்றும், பிறர் மனம் நோகாமல் வெளியே சொல்வதைத் 'தத்தேமாயே' என்றும் ஜப்பானியர் இரு சொற்களால் வழங்குகின்றனர்.

இதற்கு ஹவாய் நல்ல சான்று. ஹவாய் மாநில அரசு தன் விருந்தினரிடம் நடத்திவந்த மனநிறைவு ஆய்வுகளில் 1 முதல் 8 வரை உள்ள அளவுகோலைப் பயன்படுத்தியது. 8 என்பது இரட்டை எண் ஆதலால் சரி நடுவில் ஒரு கட்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள்! பதில் சொல்பவர் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும். அவ்வாறு இருந்தும், அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து வந்தவர்களைவிட ஜப்பானியர் 'மிகச் சிறப்பு' என்று கூறிய விகிதம் குறைவாகவே இருந்துவந்தது. அப்படியானால் ஜப்பானியருக்கு ஹவாய் பிடிக்கவில்லையா? 2010களில் அங்கு வந்த ஜப்பானியருள் பாதிக்கு மேற்பட்டோர் முன்பே ஒருமுறையேனும் வந்து சென்றவர்கள். பிடிக்காத வீட்டிற்கு யார் திரும்பத் திரும்ப விருந்துக்குப் போவார்? வாய் சொல்லாததைக் கால் சொல்லிவிடுகிறது.

ஆகவே அறிஞர்கள் இப்போது மூன்று வழிகளைக் கையாளுகின்றனர். ஒன்று, ஜப்பானியரை அமெரிக்கரோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டு ஜப்பானியரோடு இந்த ஆண்டு ஜப்பானியரை ஒப்பிடுவது. இரண்டு, 'நிறைவா?' என்பதோடு நில்லாமல் 'மீண்டும் வருவீர்களா? உறவினரை வரச்சொல்வீர்களா?' என்று கேட்பது. மூன்று, உண்மையில் மீண்டும் வந்தார்களா என்று கணக்கெடுப்பது.

யாரிடம், எங்கே, எப்போது?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. ஆனால் பானையை நன்றாகக் கிளறிவிட்டு எடுத்த சோறாக இருந்தால்தான் அது பதம் சொல்லும். மேலாக எடுத்தால் வேகாதது வரலாம். அடியில் எடுத்தால் குழைந்தது வரலாம். பயணிகளிலும் அப்படியே. பொன் வாரத்தில் நெரிசலில் வந்தவர், அமைதியான மாதத்தில் வந்த முதியவர், தேனிலவுத் தம்பதியர், பள்ளிச் சுற்றுலா மாணவர் என்று எல்லா வகையினரும் மாதிரியில் இடம்பெற வேண்டும்.

ஜப்பானில் கேள்வித்தாளை 'அங்கேத்தோ' என்பார்கள். இது பிரெஞ்சு மொழியிலிருந்து சென்ற சொல். கூட்டுப் பயணங்களில் கடைசி நாளில் இதைப் பயணிகளிடம் கொடுப்பது வழக்கம். இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வாரமாகத் தம்மோடு ஓடி ஆடி உழைத்த வழிகாட்டிப் பெண் எதிரே நிற்கும்போது, அவர் கையிலேயே தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால், யார் 1 மதிப்பெண் இடுவார்? நாம் சுற்றுலா சென்று வந்ததும், சிஸ்டர் எதிரில் நின்று 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் நாம் என்ன சொல்வோமோ அதையே அவர்களும் சொல்வர். ஆகவே பெயர் எழுதாமல், மூடிய உறையில் இட்டு, வேறொருவர் பெறுவதே நல்ல முறை. குவாம் தீவில் பயணிகள் விமானத்திற்குக் காத்திருக்கும் நேரத்தில் ஜப்பானிய மொழியிலேயே கேட்டறிந்தனர். நினைவு பசுமையாக இருக்கும், வழிகாட்டியும் அருகில் இல்லை என்பது இதன் நன்மை. வீட்டுக்குப் போய்ச் சில வாரம் சென்றபின் கேட்பது மற்றொரு முறை. அப்போது களைப்பு மறைந்து நிழற்படங்களின் இனிமை எஞ்சும். இரண்டும் உண்மையே, ஆனால் இரண்டும் வேறு வேறு உண்மை.

கேட்கப்படாதவர் சிலரும் உண்டு. 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானியருள் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் சுமார் 17 விழுக்காட்டினரே. அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். முன்பு போய் மனம் நொந்து, இனி வேண்டாம் என்று வீட்டிலேயே தங்கிவிட்டவர் விமான நிலையத்தில் நிற்கமாட்டார். அவருடைய மௌனம் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை.

பணமும் பாரிசும்

விடுதி எந்தத் தவறும் செய்யாமலே மதிப்பெண் குறைவதும் உண்டு. ஓர் அறையின் ஒரு நாள் வாடகை 200 டாலர் எனக் கொள்வோம். 1995இல் ஒரு சமயம் 1 டாலர் 80 யென்னாக இருந்தது. வாடகை 16,000 யென். 2024இல் ஒரு சமயம் 1 டாலர் 160 யென்னாயிற்று. அதே வாடகை 32,000 யென். அறை அதே அறை. கட்டில் அதே கட்டில். ஆனால் இருமடங்கு கொடுத்தவர் இருமடங்கு எதிர்பார்ப்பார். ஆலிவர் சொன்ன தொலைவு இங்கே பணத்தால் நீள்கிறது.

எதிர்பார்ப்பு மிகையானால் என்ன ஆகும் என்பதற்குப் 'பாரிஸ் நோய்க்குறி' என்ற பேச்சு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பாரிசில் பணியாற்றிய ஓட்டா ஹிரோஆகி என்ற ஜப்பானிய மனநல மருத்துவர் 1991இல் இப்பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். கனவில் கண்ட பாரிசும் கண்ணில் கண்ட பாரிசும் வேறுபட்டதால், மொழி தெரியாத தனிமையும் சேர்ந்து, சிலர் மனம் கலங்கினர் என்பது அதன் கருத்து. ஆனால் இதை அளவோடு நோக்க வேண்டும். 1988 முதல் 2004 வரை இவ்வாறு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவராக ஆய்வேடு ஒன்று குறிப்பிட்ட தொகை 63. பாரிசுக்குச் சென்ற ஜப்பானியரோ ஆண்டுதோறும் பல இலட்சம் பேர். சிலரின் துயரம் உண்மை; அதை எல்லார்மேலும் ஏற்றிப் பேசுவது உண்மை அன்று.

நெல்லோவைத் தேடி வந்தவர்கள்

பெல்ஜியம் நாட்டில் ஆன்ட்வெர்ப் என்ற நகரில் நம் அன்னையின் பெயரால் அமைந்த பேராலயம் ஒன்று உள்ளது. அதில் ரூபன்ஸ் வரைந்த சிலுவைக் காட்சிகள் இருக்கின்றன. ஒய்டா என்ற ஆங்கில எழுத்தாளர் 1872இல் எழுதிய 'ஃபிளாண்டர்ஸ் நாய்' என்ற கதையில், நெல்லோ என்னும் ஏழைச் சிறுவன் அந்த ஓவியங்களைக் காண ஏங்குகிறான். காசு கொடுத்தால்தான் திரை விலகும். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய இரவில் அவன் ஆலயத்திற்குள் வந்து, அவற்றைக் கண்குளிரக் கண்டு, தன் நாயை அணைத்தபடியே குளிரில் உயிர் விடுகிறான்.

இக்கதை ஜப்பானில் மிகப் புகழ்பெற்றது. 1975இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபின் அதைப் பார்த்து அழாத பிள்ளைகள் இல்லை என்னும் அளவுக்குப் பரவியது. ஆனால் ஆன்ட்வெர்ப் மக்களில் பலர் இக்கதையை அறியவே இல்லை! ஜப்பானியர் வந்து அந்த ஓவியங்களின் முன் கண்ணீர் மல்க நின்றபோது ஊரார் வியந்தனர். காரணம் அறிந்த பிறகு 1985இல் ஹோபோக்கன் பகுதியில் நெல்லோவுக்கும் அவன் நாய்க்கும் சிலை எடுத்தனர். 2016இல் பேராலயத்தின் முன்னே, கல் பாவிய தரையையே போர்வையாகப் போர்த்து அவ்விருவரும் உறங்குவது போல ஒரு வெண்பளிங்குச் சிற்பம் அமைத்தனர்.

கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவும் இத்தகையதே. தோக்கியோவில் கனடா நாட்டு மறைபரப்பாளர் நடத்திய பெண்கள் பள்ளியில் படித்த முராவோகா ஹானாகோ என்ற பெண்மணி, சிவந்த கூந்தல் ஆன் என்னும் அநாதைச் சிறுமியின் கதையை மொழிபெயர்த்து 1952இல் வெளியிட்டார். அதைப் படித்து வளர்ந்த பெண்கள் பின்னாளில் அத்தீவைத் தேடிச் சென்றனர்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஆன்ட்வெர்ப் விடுதிக்காரர் ஒருவர் அக்காலத்தில் ஜப்பானிய விருந்தினரிடம் ஒரு தாளைக் கொடுத்து, 'அறை எப்படி? உணவு எப்படி? பேருந்து எப்படி?' என்று கேட்டிருந்தால், விருந்தினர் பணிவோடு எல்லாவற்றிற்கும் 3 அல்லது 4 இட்டிருப்பார். அவர் எதற்காகக் கடல் கடந்து வந்தாரோ அதைப் பற்றி ஒரு கேள்வியும் அத்தாளில் இராது. கணக்கு சரியாக இருக்கும். அளவு மட்டும் தவறாக இருக்கும். எனவேதான் எந்தக் கேள்விப் பட்டியலிலும் கடைசியில் சில வரிகள் வெறுமையாக விட்டு, 'நீங்கள் எதற்காக வந்தீர்கள்? அது கிடைத்ததா?' என்று கேட்க வேண்டும். எண்ணுவதற்குக் கடினமான விடைதான். ஆனால் படிப்பதற்கு மிகவும் பயனுள்ளது.

முடிவுரை

மனநிறைவை அளக்க முடியும் என்பதே நம் முடிவு. ஆனால் முழக்கோல் போன்ற ஒரே கோலால் அளக்க இயலாது. எதிர்பார்ப்பைக் கேட்க வேண்டும். பகுதி பகுதியாகக் கேட்க வேண்டும். சராசரியோடு விலக்கத்தையும் பார்க்க வேண்டும். நடுக்கட்டத்தின் பொருளை அந்தந்த மக்களின் வழக்கப்படி உணர வேண்டும். வாய்ச்சொல்லோடு அவர்கள் மீண்டும் வருகிறார்களா என்பதையும் நோக்க வேண்டும்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். ஆனால் அழாத பிள்ளைக்கும் பசி உண்டு. உரக்கக் குறைசொல்லும் விருந்தினருக்கு எல்லாரும் ஓடிச்சென்று உதவுவர். புன்னகையோடு 3 மதிப்பெண் இட்டு வணங்கி விடைபெறுபவரை யாரும் கவனிப்பதில்லை. விடுதியில் மட்டும் அன்று, வகுப்பறையிலும் வீட்டிலும் இத்தகையோர் இருக்கின்றனர். 'ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று சொல்லும் தோழியிடம், இரண்டாவது கேள்வி ஒன்றைப் பரிவோடு கேட்க நாம் கற்றுக்கொண்டால், இந்தப் புள்ளியியல் பாடம் நமக்குத் தேர்வு முடிந்த பின்னும் பயன்படும்.